ஐஸ் விற்கப் போய் ஜெயிலுக்குப் போனவர்!

மே மாசம் குறுக்குத்துறையில் ஒரு முங்கு போட்டுட்டு டவுன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள மறுபடி வேர்த்துடும். நீங்க நேரா ஃப்ரிட்ஜைத்தான் திறப்பீங்க, இல்லையா?

பன்னீர் திராட்சையை அரைச்சு வடிகட்டுங்க. சர்க்கரைப்பாகும் கொஞ்சம் ரெட் ஒயினும் கலந்து ஃப்ரீசர்ல வைங்க. அரை மணிக்கொரு தடவை முள்கரண்டியால கிளறினா, சில மணி நேரத்துல பொடிப்பொடியா ஒயின் ஐஸ் ரெடி. ஒயினை அள்ளி ஊத்திடாதீங்க. ஆல்கஹால் கூடினா உறையாது. 21 வயசு ஆகலைன்னா வெறும் திராட்சையே போதும்.

ஃபிரெடரிக் டியூடருக்கு இந்தக் குளிர்ச்சி இவ்வளவு சுலபமா கிடைக்கலை. 1783-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்த வசதியான வீட்டுப் பையன். குளிர்காலத்தில் உறையும் குளத்து ஐஸை வெட்டி, வெயில் ஊர்களுக்கு விற்கக் கிளம்பினார். ஊரே சிரிச்சது. எந்தக் கப்பலும் அந்தச் சரக்கை ஏத்த சம்மதிக்காததால் சொந்தக் கப்பலே வாங்கினார். 1806-ல் 130 டன் ஐஸோடு கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்குப் போனார்.

ஐஸ் போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா அதை வெச்சு என்ன செய்யறதுன்னு அங்கே யாருக்கும் தெரியலை! வாங்கிட்டுப் போனவங்க வீட்டில் அது தண்ணியாச்சு. வேற வழியில்லாம, ஒரு கடைக்காரரோடு சேர்ந்து டியூடரே ஐஸ்க்ரீம் செஞ்சு காட்டினார். அது வித்துச்சு. அப்புறம் போன ஊர்களில் மதுக்கடைகளுக்கு ஐஸை ஓசியில் கொடுத்து, ஜில்லுனு குடிக்கப் பழக்கினார். சரக்கைவிட முதலில் ருசியை விற்கணும்னு அவருக்குப் புரிஞ்சிருந்தது.

ஆனாலும் கடன் விடலை. 1812, 1813-ல் கடனுக்காக ஜெயில். பிறகு மரத்தூள் போட்டு ஐஸைப் பொதியும் பக்குவம் கைவந்தது. குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கருவியும் வந்தது. 1833-ல் 180 டன் ஐஸ் நாலு மாசம் கடலில் பயணிச்சு, சுமார் 100 டன் உருகாமல் கல்கத்தாவில் இறங்கியது! நடுவுல காபி வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கிட்டார். அந்தப் பெருங்கடனை அடைச்சதும் இதே ஐஸ்தான். 1864-ல் இறக்கும்போது அவர் பணக்காரர்.

1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் அவர் ஐஸுக்காகவே ஒரு கிடங்கு எழுந்தது. அப்போ நெல்லைக்கு ரயில்கூட வரலை. அடுத்த தடவை நெல்லை எக்ஸ்பிரஸ்ல சென்னை போனா, மெரினா எதிரே அந்த வட்டக் கட்டடத்தைப் பாருங்க. 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இப்போ அது விவேகானந்தர் இல்லம். ஆட்டோக்காரரிடம் மட்டும் ஐஸ் ஹவுஸ்னே சொல்லுங்க.