ஆற்காடு இராமசாமி முதலியார்

ஆற்காடு இராமசாமி முதலியார் (அக்டோபர் 14, 1887 – ஜூலை 17, 1976) வழக்கறிஞர், இதழாசிரியர், நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவர், மைசூர் அரசின் திவான். ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரும் இவரே. மனித உரிமைகள் ஆணையம் 1946 இல் இம்மன்றத்தின் கீழ்தான் தோற்றுவிக்கப்பட்டது. மன்றத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபோது இவருடைய நாடு இன்னும் விடுதலை பெற்றிருக்கவில்லை.

பிறப்பும் கல்வியும்

பெயரின் முன் நிற்கும் ஆற்காடு, ஆரணி, வந்தவாசி, தெள்ளார் முதலிய ஊர்களை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தை நினைவூட்டினாலும், இவர் பிறந்தது இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கர்நூலில். உடன் பிறந்த இரட்டையர் மருத்துவர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். இருவரும் கர்நூலில் பள்ளிக்கல்வி முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றனர். பின்னர் இராமசாமி சட்டமும் இலட்சுமணசாமி மருத்துவமும் பயின்றனர்.

நீதிக்கட்சி

தொடக்க காலத்திலேயே நீதிக்கட்சியில் இணைந்தார். 1919 இல் மாண்டேகு – செம்சுபோர்டு சீர்திருத்தம் பற்றி இலண்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் பிராமணரல்லாதார் சார்பில் சாட்சியம் அளிக்கச் சென்ற கட்சிக் குழுவில் இவரும் ஒருவர். 1920 முதல் 1926 வரை சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். கட்சியின் ஆங்கில நாளேடான ஜஸ்டிஸ் இதழுக்கு ஆசிரியராகவும் பணியாற்றினார். 1928 முதல் 1930 வரை சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தார். (இவரை மேயர் என்றே பலரும் குறிப்பிடுவர், ஆனால் மேயர் என்னும் பதவிப்பெயர் சென்னையில் 1933 இல்தான் வந்தது.)

1939 இல் அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் வணிகத் துறை உறுப்பினரானார். அறிவியல், தொழில் ஆராய்ச்சிக்கென 1940 இல் அமைக்கப்பட்ட வாரியத்திற்கும், 1942 இல் உருவான அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்திற்கும் சாந்தி சுவரூப் பட்நாகருடன் சேர்ந்து துணை நின்றார். 1942 இல் நவாநகர் மன்னருடன் இவரும் இந்தியாவின் சார்பில் சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவைக்கு அனுப்பப்பட்டார். இதே ஆண்டில்தான் வெள்ளையனே வெளியேறு இயக்கம் நடைபெற்றதும் காங்கிரசுத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டதும்.

சான் பிரான்சிஸ்கோ மாநாடு

ஐக்கிய நாடுகளின் சாசனத்தை வரைவதற்கான மாநாடு ஏப்ரல் 25 முதல் ஜூன் 26, 1945 வரை சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்றது. 50 நாடுகள் கலந்துகொண்டன. இந்தியக் குழுவுக்கு முதலியார் தலைமை தாங்கினார். இக்குழு பிரித்தானிய ஆட்சியால் நியமிக்கப்பட்டதேயன்றி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. அப்போது அந்நகரில் இருந்த விஜயலட்சுமி பண்டிட், இவர்கள் இந்தியாவின் உண்மையான பிரதிநிதிகள் அல்லர் என்று வெளிப்படையாக எடுத்துரைத்தார். அவர் கூறியது முற்றிலும் சரியானதே.

எனினும் மாநாட்டில் முதலியார் ஆற்றிய பணியை அதனால் ஒதுக்கிவிட இயலாது. பொருளாதார, சமூக ஒத்துழைப்பை ஆராய்ந்த குழுவுக்கு (2 ஆம் ஆணையத்தின் 3 ஆம் குழு) இவர் தலைவராக இருந்தார். இனம், பால், மொழி, சமயம் என்னும் வேறுபாடின்றி அனைவருக்கும் மனித உரிமைகள் மதிக்கப்பட வேண்டும் என்னும் சாசனத்தின் 55 ஆம் விதி இக்குழுவின் வழியே வந்தது. மனித உரிமைகளுக்கென ஓர் ஆணையத்தை அமைக்கப் பணிக்கும் 68 ஆம் விதியும் அவ்வாறே. மாநாட்டின் பொது அமர்வில் பேசியபோது, அடிப்படை உரிமைகள் உலகத்தார் அனைவருக்கும் உரியவை என்றும், நாட்டெல்லை, நிறம், சமயம் ஆகியவற்றைக் கொண்டு அவற்றைப் பிரிக்க முடியாது என்றும் இவர் வற்புறுத்தினார். குடியேற்ற நாடுகளை வைத்திருந்த பேரரசுகளின் பேராளர்களும் அவ்வமர்வில் இருந்தனர். இவரை அங்கு அனுப்பியதும் அத்தகைய பேரரசு ஒன்றுதான்.

ஜூன் 26 அன்று இந்தியாவின் சார்பில் முதலியாரும் வி. டி. கிருஷ்ணமாச்சாரியும் சாசனத்தில் கையொப்பமிட்டனர்.

பொருளாதார சமூக மன்றம்

18 நாடுகளைக் கொண்ட மன்றத்தின் முதல் கூட்டம் ஜனவரி 23, 1946 அன்று இலண்டனில் கூடி முதலியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிப்ரவரியில் மனித உரிமைகள் ஆணையத்தைத் தொடக்க நிலையில் அமைக்க முடிவெடுக்கப்பட்டது. ஜூன் மாதம் நியூயார்க்கில் கூடிய இரண்டாம் கூட்டத்தில் அதற்கு முழு வடிவம் தரப்பட்டது. எலினோர் ரூசுவெல்ட்டின் தலைமையில் இயங்கிய இவ்வாணையம் வரைந்ததே டிசம்பர் 10, 1948 அன்று ஏற்கப்பட்ட உலகளாவிய மனித உரிமைகள் சாற்றுரை. ஆணையத்தில் இந்திய உறுப்பினராக அன்சா மேத்தா இருந்தார். உலக சுகாதார அமைப்பு உருவாகக் காரணமான 1946 ஆம் ஆண்டின் பன்னாட்டு நலவியல் மாநாட்டைக் கூட்டியதும் இம்மன்றமே. அவ்வமைப்பின் 14 ஆம் பேரவை 1961 இல் புதுதில்லியில் நடைபெற்றபோது இலட்சுமணசாமி முதலியார் அதற்குத் தலைமை வகித்தார்.

மைசூர் திவான்

1946 இல் மைசூர் மன்னர் செயசாமராச உடையாரின் திவானாகப் பொறுப்பேற்றார். இவரது வாழ்வில் கடும் கண்டனத்துக்கு உள்ளான காலம் இதுவே. ஆகத்து 1947 இல் இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் மைசூரில் மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி அமையவில்லை. செப்டம்பர் முதல் நாள் மைசூர் காங்கிரசு, மைசூர் சலோ என்னும் போராட்டத்தைத் தொடங்கியது. திவானைப் புறக்கணிக்கக் கோரும் எதுகை முழக்கங்கள் தெருவெங்கும் எழுந்தன. தலைவர்கள் சிறை சென்றனர். துப்பாக்கிச் சூடும் நடந்தது. மைசூர் நகரில் குண்டுபட்டு இறந்த மாணவரின் பெயரும் இராமசாமி என்பதே. அந்நகரின் நாற்சந்தி ஒன்று அம்மாணவரின் பெயரால் வழங்கப்படுகிறது. அக்டோபர் மாதம் மன்னர் இணங்கினார். கே. செங்கலராய ரெட்டி முதலமைச்சரானார். முதலியார் 1949 வரை திவானாக நீடித்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் பேசிய உரிமைகளை மைசூர் மக்கள் கேட்டபோது இவரது நிர்வாகம் சிறையால் விடை தந்தது. இவரைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே கூறிச் செல்கின்றனர்.

பிற்காலம்

விடுதலை பெற்ற இந்தியாவும் இவரது பட்டறிவைப் பயன்படுத்திக்கொண்டது. செப்டம்பர் 1948 இல் ஐதராபாத் சிக்கல் பாதுகாப்பு அவைக்கு வந்தபோது இந்தியத் தரப்பை எடுத்துரைத்தவர் இவரே. 1955 இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில் கடன் முதலீட்டுக் கழகத்தின் (ஐசிஐசிஐ) முதல் தலைவராகவும் இருந்தார். 1954 இல் பத்ம பூசண் விருதும் 1970 இல் பத்ம விபூசண் விருதும் பெற்றார். இலட்சுமணசாமி 1974 இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஜூலை 17, 1976 அன்று இராமசாமி முதலியார் தமது 88 ஆம் வயதில் காலமானார்.