லாங்டன் டவுன்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் பகுதியைச் சார்ந்த டார்பாயிண்ட் என்னும் சிற்றூரில், 1828 ஆம் ஆண்டில் ஜான் லாங்டன் டவுன் பிறந்தார். தந்தையார் மருந்து வணிகர். இளமையிலேயே அவருடைய கடையில் பணிபுரிந்த டவுன், காலந்தாழ்த்தே லண்டன் மருத்துவமனையிற் சேர்ந்து பயின்று, 1856 இல் மருத்துவரானார். தலைநகரிற் புகழும் பொருளும் ஈட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. எனினும், 1858 இல் உளவளர்ச்சி குன்றியோர் வாழ்ந்த ஏர்ல்ஸ்வுட் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார்.

அங்கிருந்த குழந்தைகளுட் சிலர், வெவ்வேறு பெற்றோர்க்குப் பிறந்தவராயினும், உடன்பிறந்தார் போன்ற முகச்சாயல் உடையராய் இருந்தனர். அவர்தம் இயல்புகளை டவுன் 1866 இல் விளக்கி எழுதினார். பிற குழந்தைகள் ஓராண்டளவில் நடக்கத் தொடங்குவர். இக்குழந்தைகளோ பெரும்பாலும் இரண்டாண்டளவிலேதான் நடப்பர். பேச்சு அதனினும் தாமதமாக வரும், வந்தபோதும் குழறும். காலந்தாழ்ந்து வருவதை வாராதது என்றே அக்காலத்தார் பலர் எண்ணிவிட்டனர். டவுன் அவ்வாறு எண்ணவில்லை. நாவிற்குப் பயிற்சியளித்தாற் பேச்சுத் தெளிவுறும் என்றும், முறையாகப் பழக்கினாற் கைகள் திறம்பெறும் என்றும் கண்டார். நாணயங்களின் மதிப்பைக் கடை விளையாட்டின் வாயிலாகக் கற்பித்தார். பிறரைப் போல நடித்துக் காட்டுவதில் இக்குழந்தைகள் வல்லவர் என்பதையும், நகைச்சுவை உணர்வுடையவர் என்பதையும் குறித்து வைத்தார்.

ஒரு பிழையும் செய்தார். முகச்சாயலைக் கொண்டு, இக்குழந்தைகளை மங்கோலிய இனத்தாரோடு ஒப்பிட்டுப் பெயரிட்டார். கூர்ந்து நோக்கிய கண்களும் இங்கே ஏமாந்தன. அப்பெயர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்து, பலரை வருத்தியது. உண்மைக் காரணம் 1959 இற்றான் வெளிப்பட்டது. உயிரணுக்களில் 46 குரோமோசோம்களுக்குப் பதிலாக 47 இருத்தலை, பாரிஸ் நகரில் லெழேனும் அவர்தம் துணைவரும் கண்டறிந்தனர். 1961 இல் அறிஞர் சிலர் பழைய பெயரை நீக்குமாறு வேண்டினர். உலகச் சுகாதார நிறுவனம் 1965 இல் அதனைக் கைவிட்டது. இக்குறைபாடு இப்பொழுது டவுன் சிண்ட்ரோம் எனப்படுகிறது. இன்று அத்தகையோருட் பலர் எழுதப் படிக்கக் கற்று, பணியிலும் அமர்கின்றனர். அறுபது வயதைக் கடந்தோரும் உளர்.

டவுன் 1868 இல், மனைவி மேரியின் துணையோடு, தேம்ஸ் ஆற்றங்கரைக்கு அருகில் நார்மன்ஸ்ஃபீல்டு என்னும் இல்லத்தைத் தொடங்கினார். 1879 இல் அங்கு அழகியதொரு நாடக அரங்கும் திறக்கப்பெற்றது. அது மருத்துவமனைக்கு எதற்கு என்று சிலர் வியந்திருக்கலாம். குழந்தைகளின் நடிப்பாற்றலை அறிந்தவர்க்கு அது விளங்கும்.

1896 இல் அவர் மறைந்தார். இல்லத்தைப் புதல்வர் இருவரும் ஏற்று நடத்தினர். பின்னாளில் அவருள் ஒருவருக்குப் பிறந்த மகன் இதே குறைபாட்டுடன் பிறந்தான். பாட்டனாரை அறியாத அப்பேரன், அவர் அமைத்த இல்லத்திலேயே வளர்ந்தான்.