விரல் நுனியில் ஃபாரடே

மடிக்கணினியில் தட்டச்சு செய்யும்போது அம்புக்குறி திடீரென வேறிடம் தாவிவிடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். சென்ற பருவத்தில் செய்முறைக் குறிப்பை எழுதும்போது எனக்கும் அவ்வாறே நேர்ந்தது. வரிகள் இடம் மாறிக் கலைந்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கணினி நம் கைக்கு வராது போலும் என்று சோர்ந்தேன். டச்பேட்டின் மேல் ஓய்வாகக் கிடந்த என் கட்டைவிரலே காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. சும்மா கிடக்கும் விரல் அம்புக்குறியை எப்படி நகர்த்தும்? விடை தேடியபோது மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை என் கைக்கு வந்தது.

1791 செப்டம்பர் 22-ஆம் நாள் இலண்டன் நகரை அடுத்த நியூவிங்டனில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார் ஃபாரடே. எழுத்தும் எளிய கணக்கும் கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றது. 14-ஆம் வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலில் நூல்களைக் கட்டினார். ஓய்வு நேரத்தில் அவற்றையே படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

1812-இல் ராயல் நிறுவனத்தில் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க, கடைக்கு வந்துபோகும் ஒருவர் நுழைவுச்சீட்டுத் தந்தார். ஃபாரடே எடுத்த குறிப்புகளைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் ஆய்வுக்கூட உதவியாளரானார். அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பா சென்றார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் புண்பட்டும் அவர் கற்பதை விடவில்லை.

1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். இன்றைய மின்னாக்கிகளுக்கு அதுவே அடிப்படை. 1837-இல், ஒன்றனுள் ஒன்றாக அமைந்த உலோகக் கோளங்களுக்கிடையே கந்தகம், கண்ணாடி, அரக்கு முதலியவற்றை வைத்துச் சோதித்தார். தேங்கும் மின்னூட்டம் இடையிலுள்ள பொருளையும் பொறுத்தது என்று காட்டினார். மின்தேக்குத்திறனின் அலகு அவர் பெயரால் ஃபாரட் எனப்படுகிறது.

டச்பேட்டின் அடியில் மெல்லிய மின்வாய்கள் வலைபோல் அமைந்துள்ளன. நம் விரல் ஒரு மின்கடத்தி. அது பட்டவுடன் அவ்விடத்து மின்புலம் மாறுகிறது, மின்தேக்குத்திறனும் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்தே விரல் இருக்குமிடத்தைக் கணினி அறிகிறது. அழுத்தம் தேவையில்லை. உள்ளங்கையையும் ஓய்ந்த விரலையும் விலக்க மென்பொருள் முயன்றாலும் சில வேளைகளில் ஏமாந்துவிடுகிறது. அமைப்புகளில் உணர்திறனைக் குறைக்கலாம். தட்டினால் சொடுக்கும் வசதியை நிறுத்தலாம். ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் மேலானது விரலைத் தூக்கிவைக்கும் பழக்கம்.

ஃபாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. அவர் மனக்கண்ணால் கண்ட விசைக் கோடுகளுக்குப் பின்னர் மாக்ஸ்வெல் கணித வடிவம் தந்தார். சர் பட்டத்தையும் ராயல் கழகத் தலைமையையும் மறுத்த அப்பெருமகனார் 1867 ஆகஸ்ட் 25-ஆம் நாள் மறைந்தார்.

நண்பர்களே, தெரியாதது ஒன்றிருப்பது தாழ்வன்று. தெரிந்துகொள்ளாமல் ஒதுங்குவதே தாழ்வு. இக்கட்டுரையை நானே தட்டச்சு செய்தேன், கட்டைவிரலைத் தூக்கிவைத்துக்கொண்டு. அம்புக்குறி தாவவில்லை.