முன்ஷி அப்துல்லா: மொழி கற்பித்த பெரியார்

மலாய் மொழி பயின்றோர் முன்ஷி அப்துல்லாவின் பெயரை அறியாதிருக்க முடியாது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று அவர் போற்றப்படுகிறார். ஆனால் நூலாசிரியர் என்ற புகழ் அவருக்குப் பின்னர் வந்தது. இளமை முதல் அவர் செய்த தொழில் மொழி கற்பித்தல். பிள்ளைகளின் மொழிக்கல்வியில் அக்கறையுள்ள பெற்றோரும் ஆசிரியரும் அவருடைய வாழ்விலிருந்து அறிய வேண்டியவை பல உண்டு.

அவர் 1796-ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். அவருடைய முப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் தங்கி, அங்கேயே மணம் செய்துகொண்டவர். அவருடைய புதல்வர் முகம்மது இபுராகீம் மலாக்காவுக்கு வந்து, மீரா லெப்பை என்பவரின் மகள் பெரியாச்சியை மணந்தார். இவ்விதம் அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பத்தில், மலாய் பேசும் ஊரில் அப்துல்லா வளர்ந்தார்.

அவருடைய பாட்டியார் ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளுக்கு ஓதக் கொடுத்துவந்தார். அக்காலத்துப் பள்ளிகளில் தண்டனைக்குக் குறைவில்லை. பிரம்புகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பதும், சங்கிலி பூட்டுவதும், புகைக்கு மேல் பிடித்து வைப்பதும் வழக்கமாயிருந்தன என்று அப்துல்லா எழுதிவைத்திருக்கிறார். அவருடைய தகப்பனாரும் மிகக் கண்டிப்பானவர். பையனை எழுதச் சொல்வார், மொழிபெயர்க்கச் சொல்வார். பிழை கண்டால் அடிப்பார். நன்றாகச் செய்தாலும் முகத்துக்கு நேரே பாராட்டமாட்டார்.

ஒருநாள் தகப்பனார் வீட்டில் இல்லாத நேரம். கப்பல் நாகுதா ஒருவர் கடன் பத்திரம் எழுதிக்கொள்ள வந்தார். அப்துல்லாவே துணிந்து எழுதிக் கொடுத்துவிட்டார். தகப்பனார் அதை அறிந்தபோது மகனிடம் மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தம் மனைவியிடம், இன்றுதான் மகனைப் பெற்றதுபோல் இருக்கிறது என்ற கருத்துப்படப் பேசி உள்ளம் பூரித்தார். அந்தச் செய்தி மகனின் காதுக்கும் எட்டியது. தந்தையின் அன்பை அன்றுதான் அவர் முழுதும் உணர்ந்தார். அத்தனை நாள் கற்ற கல்வி ஒரு மனிதருக்கு உதவியது என்பதைக் கண்டதும் அன்றுதான்.

தமிழையும் அவர் இரண்டரை ஆண்டு காலம் ஓர் ஆசிரியரிடம் பயின்றார். அன்றைய மலாக்காவில் தமிழ் வணிகர் நிறைந்திருந்தனர். கணக்கு வழக்குக்கும் பேச்சுக்கும் தமிழ் வேண்டியிருந்ததால், வசதியுள்ள குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தனர். பயன் கண்முன் தெரிந்தது. ஆகவே பிள்ளைகளும் படித்தார்கள். அந்தத் தமிழறிவைக் கொண்டுதான் 1835-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார்.

மலாக்காக் கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்கு அவர் இளவயதிலேயே ஓதக் கொடுத்தார். அவர்களிடமிருந்து தாம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். அவருக்கு முன்ஷி, அதாவது ஆசிரியர், என்ற பட்டத்தை அளித்தவர்களும் அந்தச் சிப்பாய்களே.

1815-இல் வில்லியம் மில்ன் என்ற பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். அப்துல்லா அவருக்கு மலாய் கற்பித்து, அவரிடம் ஆங்கிலம் கற்றார். கோபமின்றி, பொறுமையோடு கற்பிக்கும் அவருடைய முறை அப்துல்லாவின் மனத்தைக் கவர்ந்தது. மார்க்கத்தை விட்டுவிடுவாரோ என்று வீட்டாரும் ஊராரும் அஞ்சினர். அவரைப் பாதிரி அப்துல்லா என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார், படிப்பையும் நிறுத்தவில்லை. மொழியைக் கற்பது வேறு, மார்க்கத்தை மாற்றுவது வேறு என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

தாம்சென் என்ற மற்றொரு பாதிரியாரோடு அவருக்கு ஓயாத வழக்கு. அவர் மலாய்ச் சொற்களை ஆங்கில வாக்கிய அமைப்பில் கோத்து எழுதுவார். சொல் மலாயாக இருக்கும். ஓசையும் நடையும் மலாயாக இரா. அப்துல்லா எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. சம்பளம் கொடுப்பவரோடு வாதாடுவது எளிதன்று. ஆயினும் தவறு என்று கண்டதைத் தவறு என்றே ஆசிரியர் சொல்லவேண்டும் என்பது அப்துல்லாவின் துணிபு. அகராதியை மனனம் செய்தவன் மொழியை அறிந்தவனாகமாட்டான். அந்த மொழிக்குரியவர் எப்படிச் சொல்வார் என்று கேட்டுப் பழகியவனே அறிந்தவன்.

தம் நாட்டாரிடத்தும் அவருக்கு ஒரு குறை இருந்தது. தாய்மொழிதானே, தானாக வந்துவிடும் என்று எண்ணி மலாய் மொழியை எவரும் முறையாகக் கற்பதில்லை. பொருள் விளங்காமல் பிறமொழிப் பாடத்தை ஒப்புவிப்பதோடு பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடுகிறது என்று வருந்தினார். இதனைக் கசப்பான சொற்களால் கண்டித்து எழுதவும் அவர் தயங்கவில்லை.

பின்னர் சிங்கப்பூரில் வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பாதிரியார்களுக்கும் அவர் மலாய் கற்பித்தார். ஆல்பிரட் நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் தூண்டுதலால் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்னும் அந்நூல் 1843-இல் எழுதி முடிக்கப்பெற்று, 1849-இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. அரசர்களின் கதையையே பெரிதும் சொல்லிவந்த மலாய் உரைநடையில், ஒரு சாதாரண ஆசிரியரின் வாழ்வு இடம் பெற்றது. அவரிடம் பயின்ற அரசாங்க நில அளவை அதிகாரி ஒருவர் அதன் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1874-இல் வெளியிட்டார். மாணாக்கர் ஆசிரியருக்குச் செலுத்தும் காணிக்கை இதனினும் வேறு என்ன வேண்டும்?

1854-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அப்துல்லா அந்த யாத்திரையிலேயே காலமானார். மலாக்காவிலும் கோலாலம்பூரிலும் அவர் பெயரால் வீதிகள் இருக்கின்றன. அவ்வழியே செல்லும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெரியார் யார் என்று சொல்லுவோம். வீட்டில் அவர்கள் தமிழில் நான்கு வரி பிழையின்றி எழுதிக் காட்டினால், அவருடைய தகப்பனாரைப் போல மனத்துக்குள் மகிழ்வதோடு நின்றுவிடாமல், வாய்விட்டும் ஒரு சொல் பாராட்டுவோமாக.