செவியே கண்ணாக

அமெரிக்காவின் வடபகுதியில், ஈரி ஏரிக்கரையை ஒட்டி அமைந்த தொழில்நகரம் டொலீடோ. ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த அந்நகரில் 1909ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் ஆர்ட் டேட்டம் பிறந்தார். தந்தையார் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. தாயார் பிறர் இல்லங்களில் பணிபுரிந்தவர். இருவரும் பிழைப்பை நாடித் தென்பகுதியிலிருந்து வடக்கே குடிபெயர்ந்தவர்கள். செல்வம் இல்லாத அவ்வீட்டில் இசைக்குக் குறைவில்லை. தாயார் பியானோ வாசிப்பார். தந்தையார் கிட்டார் மீட்டுவார்.

கைக்குழந்தையாக இருந்தபோதே டேட்டத்தின் இரு கண்களிலும் புரை படர்ந்தது. மருத்துவர்கள் பலமுறை அறுவை செய்தனர். அதன் பயனாகப் பதினொரு வயதளவில், அருகிலுள்ள பொருள்களை ஒருவாறு காணும் அளவுக்குப் பார்வை கிட்டியது. ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. இளமைப் பருவத்தில் ஒருநாள் யாரோ அவரைத் தாக்கினர். அத்தாக்குதலில் இடக்கண்ணின் ஒளி முற்றிலும் அழிந்தது. வலக்கண்ணில் மங்கலான சிறு பார்வை மட்டுமே எஞ்சியது. அவர் வாழ்நாள் முழுவதும் அதனைக் கொண்டே நடமாடினார்.

கண் மறுத்ததைச் செவி அளித்தது. மூன்று வயதிலேயே, தாயார் வாசித்த தேவாலயப் பாடல்களைக் கேட்டு, அவற்றைத் தாமே பியானோவில் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினார். நம் நாட்டு இசைக்கலைஞர்கள் கேள்வி ஞானம் என்று போற்றுவது இதனைத்தான். ஒரு சுருதியைக் கேட்ட அளவிலேயே அஃது இன்னது என அறியும் திறன் அவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. பியானோவின் சுருதி சற்றே பிசகினும் அவரால் பொறுக்க இயலாது.

அக்காலத்தில் தானாக இசைக்கும் பியானோ என்னும் கருவி அமெரிக்க வீடுகளில் பெருவழக்காக இருந்தது. துளையிட்ட நீண்ட தாள்சுருள் ஒன்றை அதனுள் பொருத்துவர். காலால் துருத்தியை மிதித்தால் சுருள் நகரும். துளைகள் வழியே காற்று புகுந்து உரிய கட்டைகளை இயக்கும். விரல் படாமலே கட்டைகள் தாழ்ந்து எழும். பெரிய கலைஞர் ஒருவரின் வாசிப்பு அறையில் ஒலிக்கும். டேட்டம் அக்கட்டைகளின்மீது விரல்களை வைத்து, எந்தக் கட்டை எப்போது தாழ்கிறது என்பதைத் தடவியே கற்றார். இருவர் ஒருங்கே அமர்ந்து நான்கு கைகளால் வாசிப்பதற்குரிய சுருள்களும் அவற்றுள் இருந்தனவாம். அதனை அறியாத டேட்டம் அனைத்தையும் தம் இரு கைகளாலேயே வாசிக்கப் பழகினார் என்றொரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, பின்னாளில் அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் இதனை எளிதில் நம்பினர்.

கொலம்பஸ் நகரிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் அவர் சேர்ந்தார். அங்குப் பிரெய்ல் எழுத்து முறையையும் இசையையும் பயின்றார். சிறிது காலத்தில் ஊர் திரும்பி, டொலீடோ இசைப்பள்ளியில் ஓவர்டன் ரெய்னி என்னும் ஆசிரியரிடம் மாணவரானார். ரெய்னியும் பார்வைக் குறைபாடு உடையவரே. அவர் ஐரோப்பியச் செவ்வியல் இசையில் தேர்ந்தவர். ஜாஸ் இசையை விரும்பாதவர். மாணவரோ இரவெல்லாம் ஜாஸ் வாசித்தார். ஆயினும் விரல்களைச் செம்மையாக இயக்கும் பயிற்சியை அந்த ஆசிரியரிடமிருந்தே அவர் பெற்றார் எனலாம். கறுப்பினத்தவருக்குச் செவ்வியல் இசைமேடைகள் ஏறத்தாழ அடைபட்டிருந்த காலம் அது. ரெய்னியின் விருப்பப்படியே நடந்திருந்தால் டேட்டம் எந்த மேடையில் வாசித்திருப்பார் என்பது ஐயமே.

ஜாஸ் என்பது ஆப்பிரிக்க அமெரிக்க மக்களிடையே தோன்றி வளர்ந்த இசை. அறிந்த பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, கலைஞர் அதனைத் தம் கற்பனைக்கேற்ப அந்த நொடியிலேயே விரித்து வாசிப்பார். நம் இசையரங்குகளில் மனோதருமம் பெறும் இடத்தை அங்கும் கற்பனை பெறுகிறது. டேட்டம் இளமையில் நியூயார்க் நகரப் பியானோ கலைஞர்களாகிய ஜேம்ஸ் ஜான்சன், ஃபேட்ஸ் வாலர் ஆகியோரின் வாசிப்பைப் பின்பற்றினார். இடக்கை ஆழ்ந்த ஒலியையும் இடைநிலை ஒலிக்கூட்டையும் மாறிமாறித் தாவித் தொட்டுத் தாளத்தைக் காக்கும். வலக்கை பண்ணை இசைக்கும். டேட்டம் இம்முறையைக் கற்றதோடு நில்லாமல், இரு கைகளுக்கும் ஒரே அளவு விரைவையும் விடுதலையையும் தந்தார். ஏறத்தாழப் பதினெட்டு வயதில் டொலீடோ வானொலியில் வாசிக்கத் தொடங்கினார். விரைவிலேயே 15 நிமிட நிகழ்ச்சி ஒன்று அவருக்கென ஒதுக்கப்பட்டது.

அடிலெய்டு ஹால் என்னும் புகழ்பெற்ற பாடகி, 1932ஆம் ஆண்டில் அவரைத் தம் பக்கவாத்தியக் கலைஞராக அமர்த்தி நியூயார்க்கிற்கு அழைத்துச் சென்றார். அந்நகரின் ஹார்லெம் பகுதியில், கலைஞர்கள் இரவில் கூடி ஒருவரையொருவர் வாசிப்பில் வெல்ல முயலும் வழக்கம் இருந்தது. புதியவரைச் சோதிக்க ஜான்சனும் வாலரும் வில்லி ஸ்மித்தும் வந்தனர். யாருடைய இசையைக் கேட்டு வளர்ந்தாரோ, அவர்களுக்கு முன்னரே டேட்டம் வாசிக்க வேண்டியதாயிற்று. அவர் வாசித்து முடித்தபின் மூவரும் தத்தம் திறனை முழுதும் காட்டினர். எனினும் அன்றைய வெற்றி டொலீடோவிலிருந்து வந்த இளைஞருக்கே என்பதை மறுப்பார் எவரும் இலர்.

1933ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிரன்ஸ்விக் நிறுவனத்திற்காக அவர் தனித்து வாசித்த நான்கு பாடல்கள் பதிவாயின. அந்நாளில் ஒலிப்பதிவு எளிதன்று. மெழுகுத் தட்டின்மீது ஊசி நேரடியாகக் கோடு கீறும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். இடையில் ஒரு விரல் தவறினாலும் அதனை மட்டும் வெட்டித் திருத்த வழியில்லை. முதலிலிருந்து மீண்டும் வாசிக்க வேண்டும். அந்நான்கனுள் ஒன்று 'டைகர் ராக்'. ஐவர் கொண்ட குழுவொன்று பல கருவிகளால் இசைத்துப் புகழ்பெறச் செய்த பாடல் அது. டேட்டம் அதனைப் பியானோ ஒன்றினாலேயே, மூச்சு வாங்க இடமில்லாத விரைவில் வாசித்தார். விரைவிலும் ஒவ்வோர் ஒலியும் தனித்தனியே தெளிவாகக் கேட்கிறது.

அந்த இசைத்தட்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஒரு வீட்டை எட்டியது. இரயில்வேயில் சுமைப் பணியாளராக இருந்த ஒருவர், பியானோவில் தேர்ந்துவந்த தம் மகன் செருக்குக் கொள்வதைக் கண்டு, அத்தட்டைப் போட்டுக் காட்டினார். இருவர் சேர்ந்து வாசிக்கின்றனர் என்றே சிறுவன் எண்ணினான். ஒருவரே, அவரும் ஏறத்தாழப் பார்வையற்றவர் என்றறிந்ததும் மனமுடைந்து அழுதான்; சில வாரங்கள் பியானோவைத் தொடவேயில்லை. அச்சிறுவனே பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஆஸ்கர் பீட்டர்சன்.

குறை கூறியோரும் இருந்தனர். அணிகளை அளவுக்கு மீறி அடுக்குகிறார், பாடலின் உருவமே மறைகிறது என்றனர். அவருடைய சில பதிவுகளைக் கேட்கும்போது அக்குற்றச்சாட்டில் சிறிது உண்மை இருப்பது தெரியும். ஆனால் அதே பாடலை மீண்டும் கேட்டால், அலங்காரம் எனத் தோன்றிய இடத்தில் புதிய இசைக்கூட்டு ஒன்று ஒளிந்திருப்பதும் தெரியும்.

1953ஆம் ஆண்டின் இறுதியில் நார்மன் கிரான்ஸ் என்னும் தயாரிப்பாளர் டேட்டத்தைப் பதிவுக்கூடத்தில் அமர்த்தி, விரும்பிய பாடல்களை விரும்பியவாறு வாசிக்குமாறு கேட்டுக்கொண்டார். மெழுகுத் தட்டின் காலம் போய் ஒலிநாடாவின் காலம் வந்திருந்தது. 1955 வரை நடந்த அப்பதிவுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தனி வாசிப்புகள் சேர்ந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒரே முறையில் வாசித்து முடித்தவை. ஒருமுறை பாடலின் நடுவே நாடா தீர்ந்துவிட்டது. மீண்டும் முதலிலிருந்து வாசிப்பார் என்றே அனைவரும் எண்ணினர். டேட்டமோ இறுதியாகப் பதிவான எட்டு ஆவர்த்தங்களை மட்டும் போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டார்; புதிய நாடா சுழலத் தொடங்கியதும், காலப்பிரமாணம் இம்மியும் பிசகாமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

உடல்நலத்தைப் பேணுவதில் அவர் அத்தகைய கவனம் செலுத்தவில்லை. இரவுதோறும் விடியும்வரை வாசிப்பதும் மதுப்பழக்கமும் உடலை வருத்தின, சிறுநீரகங்கள் பழுதுற்றன. 1956 செப்டம்பரில், சாக்சபோன் கலைஞர் பென் வெப்ஸ்டருடன் இணைந்து சில மென்மையான பாடல்களைப் பதிவு செய்தார். அதன்பின் அவர் பதிவுக்கூடத்திற்குச் செல்லவில்லை. நவம்பர் 5ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 47.