மரங் கோம்கே ஜெய்பால் சிங்

சோட்டா நாகபுரி மலையும் காடும் விரவிய மேட்டுநிலம். அங்கு இராஞ்சி நகரை அடுத்த குந்திப் பகுதியில் டக்ரா பாஹன்டோலி என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரில், முண்டா என்னும் பழங்குடியில், 1903ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் ஜெய்பால் சிங் பிறந்தார். இளமையில் மாடு மேய்த்தலே அவருக்கு வாய்த்த பணி. பின்னர் இராஞ்சித் தூய பவுல் பள்ளியில் சேர்ந்து பயின்றார். அப்பள்ளியின் தலைவராயிருந்த காஸ்கிரேவ் பாதிரியார், அச்சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு, அவனை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஜெய்பால் சிங் பொருளாதாரம் கற்றார். வளைகோற் பந்தாட்டத்திலும் பெரும்புகழ் பெற்றார். எதிரிகள் பந்தைக் கொண்டு விரைந்து வருங்கால், பதற்றமின்றி நின்று அதனைத் தட்டிப் பறிக்கும் பின்னிலைக் காவலர் அவர். பல்கலைக்கழகம் தன் சிறந்த ஆட்டக்காரர்க்கு அளிக்கும் 'நீலச் சிறப்பு' அவருக்குக் கிடைத்தது. அதன்பின் ஐ.சி.எஸ். தேர்விலும் வெற்றி கண்டு, அப்பதவிக்குரிய பயிற்சியை மேற்கொண்டார். அந்நாளில் ஐ.சி.எஸ். பதவியினும் உயர்ந்ததொன்றை இந்திய இளைஞர் எவரும் கனவிலும் கருதியதில்லை.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக்குப் பந்தயங்கள் நடைபெற ஏற்பாடாயின. இந்திய வளைகோற் பந்தாட்டக் குழு முதன்முறையாக அதில் கலந்துகொள்ள இருந்தது. அக்குழுவுக்குத் தலைமை தாங்குமாறு ஜெய்பால் சிங்குக்கு அழைப்பு வந்தது. பயிற்சியினின்று விடுமுறை வேண்டினார்; மேலதிகாரிகள் மறுத்தனர். பதவியா, நாட்டின் ஆட்டமா என்னும் வினா எழுந்தது. அவர் ஆட்டத்தையே தேர்ந்தெடுத்துக் கொண்டார்.

பம்பாய்த் துறைமுகத்தில் இந்தியக் குழுவினர் கப்பலேறியபோது வழியனுப்ப வந்தோர் மூவரே எனத் தியான் சந்து தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஆம்ஸ்டர்டாமில் அக்குழு ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க்கு, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளை வென்றது. இறுதியில் ஆலந்தையும் 3 பந்து வேறுபாட்டில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியர் அடித்த பந்துகள் 29. எதிரிகள் அடித்தது ஒன்றுமில்லை. தலைவர் மட்டும் இறுதியாட்டத்தில் ஆடவில்லை. எனினும் அவ்வெற்றிக்குரிய குழுவின் தலைவர் என்னும் பெயர் அவருக்கே உரியதாயிற்று.

திரும்பி வந்தவரை, பயிற்சியை மேலும் ஓராண்டு தொடருமாறு அதிகாரிகள் பணித்தனர். அவர் அதற்கு இணங்காது ஐ.சி.எஸ். பதவியையே துறந்தார். பின்னர்ப் பர்மா ஷெல் என்னும் எண்ணெய் வாணிக நிறுவனத்தில் பணிபுரிந்தார். ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டில் அச்சிமோட்டாக் கல்லூரியிலும், இராய்ப்பூர் இராசகுமாரர் கல்லூரியிலும் ஆசிரியராக விளங்கினார்.

வசதி மிக்க அவ்வாழ்வை விட்டு அவர் தம் மக்களிடம் திரும்பியதே அவரது வரலாற்றில் தலையாய நிகழ்ச்சி. நிலத்தை இழந்து, கடனில் மூழ்கித் தோட்டக் கூலிகளாய்ச் சிதறிக் கிடந்த அம்மக்கள், 1939ஆம் ஆண்டு இராஞ்சியில் ஆதிவாசி மகாசபையைக் கூட்டினர். ஜெய்பால் சிங் அதற்குத் தலைமை ஏற்றார். பல கல் தொலைவு நடந்து வந்த மக்கள் அவர் பேச்சைக் கேட்டனர். தனித்தனிக் குடிகளாய்ப் பிரிந்து நில்லாது ஓரணியாய் நிற்குமாறும், ஒருமுறை தோற்றால் மறுமுறை முயலுமாறும் அவர் அவர்களுக்கு ஊக்கமூட்டினார். மக்கள் அவரை 'மரங் கோம்கே' என்று அழைத்தனர். முண்டாரி மொழியில் அதற்குப் பெருந்தலைவர் என்பது பொருள்.

1946ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அரசியல் நிருணய சபையில் அவர் ஆற்றிய உரை குறிப்பிடத் தக்கது. காட்டான் என்று பிறர் இகழும் பெயரை அவர் பெருமையுடன் ஏற்றுக்கொண்டார். மக்களாட்சியைப் பழங்குடியினர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை, அவர்களிடமிருந்தே பிறர் கற்கலாம் என்று வாதிட்டார். தம் முண்டாக் குடிக்காக மட்டும் அவர் பேசினாரல்லர். நீலகிரித் தோடரும், சிறுசேரி, தாம்பரம் முதலிய ஊர்களைக் கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்து இருளரும் அவர் குறித்த மக்களுள் அடங்குவர். சட்டமன்றங்களில் பழங்குடியினர்க்கு இடங்கள் ஒதுக்கப்பட்டதில் அவர்தம் பங்கு பெரிது.

தனி மாநிலக் கோரிக்கையோ எளிதில் கைகூடவில்லை. 1950இல் அவர் சார்க்கண்டுக் கட்சியைத் தோற்றுவித்தார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அது பீகார்ச் சட்டமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. ஆயினும் 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழு அக்கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. 1963இல் அவர் தம் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தார். தொண்டர் பலர் இதனால் மனம் வருந்தினர். அவர்தம் வருத்தம் நியாயமானதே. இணைப்பினால் மாநிலமும் கிட்டவில்லை, கட்சியும் வலுவிழந்தது.

1970ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் தில்லியில் ஜெய்பால் சிங் காலமானார். அவருக்குப் பின் வந்தோர் போராட்டத்தைக் கைவிடவில்லை. 2000ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் சார்க்கண்டு மாநிலம் அமைந்தது. அதன் தலைநகராகிய இராஞ்சியில் ஒரு விளையாட்டரங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.