வில்லும் நரம்பும் அறிந்த இராமன்

காவிரியும் கொள்ளிடமும் தழுவி நிற்கும் தீவின் மேற்குப் பகுதியில் அரங்கன் துயில்கிறான். கிழக்குப் பகுதியில் அப்புலிங்கமாக ஈசன் உறைகிறான். அந்தத் திருவானைக்காவில், தாய்வழிப் பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரியாரின் இல்லத்தில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சந்திரசேகர வேங்கட இராமன் பிறந்தார். பாட்டனார் வடமொழிப் புலவர். நவீன நியாயம் கற்பதற்காகத் தம் இளமையில் வங்காளம் வரை கால்நடையாகவே சென்று திரும்பியவர் என்பர். பின்னாளில் பேரனும் தம் கல்வியின் பெரும்பகுதியை அதே வங்கத்தில்தான் தேடிக்கொண்டார். அவர் புகைவண்டியில் சென்றார் என்பது ஒன்றே வேறுபாடு.

தந்தையார் சந்திரசேகர ஐயர் அந்நாளில் திருச்சிராப்பள்ளி எஸ்.பி.ஜி. கல்வி நிலையத்தில் ஆசிரியர். இயற்பியலும் கணிதமும் அவருடைய தொழில். வயலின் அவருடைய காதல். இராமனுக்கு நான்கு வயது நிறையுமுன்பே, 1892இல், குடும்பம் விசாகப்பட்டினத்திற்குப் பெயர்ந்தது. ஆகவே ஆனைக்காவும் அரங்கமும் இராமனுக்குத் தந்தவை பிறப்பும் மழலையுமே. ஆயினும் அந்த வீட்டிலிருந்து உடன் வந்த வயலினொலி அவரை விட்டு நீங்கவில்லை. அவருடைய தமையனார் சி. சுப்பிரமணிய ஐயர் இசையிலக்கணம் எழுதும் அளவுக்கு வயலினில் தோய்ந்தார்; தம்பி இராமனோ அதே வயலினைப் பார்த்து, இந்த நரம்பு ஏன் பாடுகிறது என்று கேட்டார்.

இராமன் என்றவுடன் ஒளியும் 1930ஆம் ஆண்டு நோபல் பரிசுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது இயல்பே. ஆனால் ஒளிச்சிதறலுக்கு முன்னர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவர் உள்ளத்தை ஆண்டவை விசை, உராய்வு, மோதல், அதிர்வு என்பவையே. பள்ளிப் பாடப்புத்தகத்தின் முதல் இயல்களிலேயே முடிந்துபோனவை என்று உலகம் எண்ணியிருந்த அந்தச் செய்திகளில்தான் அவர் தம் வாலிபத்தைச் செலவிட்டார்.

பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறி, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் பி.ஏ., 1907இல் எம்.ஏ. என முதன்மை பெற்றார். தம்மை உருவாக்கிய நூல்களாக அவர் பின்னாளில் எண்ணிய மூன்றனுள் ஒன்று யூக்ளிடின் வடிவியல். மற்றொன்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலியைப் பற்றி எழுதிய பெருநூல். அறிவியலையே தொழிலாகக் கொள்ள அந்நாளில் இந்நாட்டில் வழியில்லை. நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, 1907இல் வீணை மீட்டத் தெரிந்த லோகசுந்தரி அம்மாளை மணந்து, கல்கத்தாவில் அரசுக் கணக்கு அதிகாரியாக அமர்ந்தார்.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்லுகையில் பௌபஜார் தெருவில் ஒரு பலகை கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. கருவிகள் இருந்தன; அவற்றைத் தொடுவார்தாம் அருகிவிட்டனர். இராமனுக்குக் கதவு திறந்தது. அன்றுமுதல் அலுவலகம் தொடங்குமுன் விடியலிலும், அது முடிந்தபின் இரவிலும் கழகமே அவருக்கு வீடாயிற்று. அங்கே துணை நின்றவர் அசுதோஷ் டே. எந்தப் பல்கலைக்கழகத்தின் படியிலும் ஏறாத இவர், கைத்திறத்தாலும் கூர்மையாலும் இராமனோடு சேர்ந்து ஆய்வுரைகள் எழுதும் நிலைக்கு உயர்ந்தார். ஒற்றை நரம்புடைய ஏக்தாராவைப் பற்றி 1909இலேயே இராமன் ஒரு கட்டுரை எழுதினார். பிச்சையேற்றுப் பாடுவோர் கையிலிருந்த கருவி, கணித இதழின் பக்கத்தில் ஏறி அமர்ந்தது.

வில்லால் இழைக்கப்படும் நரம்பின் புதிர் இங்கே சற்று விரித்துரைக்கத் தக்கது. ஒரு பொருளின் இயக்க நிலை மாறவேண்டுமாயின் விசை வேண்டும் என்பது நியூட்டனின் முதல் விதி. வயலின் வில் ஒரே சீராகத்தான் நகர்கிறது. சீரான இழுப்பிலிருந்து நொடிக்குப் பல நூறு முறை திரும்பத் திரும்ப வரும் அதிர்வு எவ்வாறு பிறக்கிறது? விடை உராய்வில் உள்ளது. வில்லின் மயிரும் நரம்பும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கையில் உராய்வு மிகுதி. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கிவிட்டால் அது குறைவு. ஆகவே நரம்பு வில்லைப் பற்றிக்கொண்டு அதே வேகத்தில் உடன் செல்கிறது, பிடி நழுவியதும் எதிர்த்திசையில் விரைந்து பாய்கிறது, மீண்டும் பற்றிக்கொள்கிறது. வில் படும் இடம் குதிரையிலிருந்து நரம்பின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குத் தொலைவில் இருந்தால், ஒவ்வோர் அதிர்விலும் பத்தில் ஒன்பது பங்கு நேரம் பற்றுதல், ஒரு பங்கு நேரம் நழுவுதல். எனவே நழுவும் வேகம் பற்றிச் செல்லும் வேகத்தைப் போல் ஒன்பது மடங்காகும். நம் கண்ணுக்கு வளைந்து விம்முவதாகத் தோன்றும் நரம்பு உண்மையில் இரண்டு நேர்க்கோடுகளாக நிற்கிறது. அவை கூடும் முனை மட்டும் நரம்பின் நெடுகிலும் ஓடித் திரும்புகிறது.

இவ்வளவும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டது. அது பலவகை இயக்கங்களுள் ஒன்றே என்று காட்டி, எத்தகைய இயக்கங்கள் கூடும் என்பதை வரைபடங்களால் வகைப்படுத்தித் தந்தவர் இராமன். 1918இல் வெளியான அவருடைய நூல் இதனை முறைப்படி விளக்கியது. கணக்கோடு நில்லாமல், மனிதக் கையை நம்பாமல் வயலினை இயக்கும் பொறி ஒன்றையும் அமைத்தார். அதில் ஒரு வேடிக்கை: வில் அசையாது நிற்கும், வயலின்தான் முன்னும் பின்னும் செல்லும். விசைக்கு வேண்டுவது ஒன்றுக்கொன்று சார்பான நகர்ச்சியே அன்றி, நகர்வது எது என்பதன்று. இயக்கவியலின் இந்த அடிப்படையை மரத்திலும் இரும்பிலும் செய்து காட்டினார். வில் குதிரையை நெருங்க நெருங்க, தொலைவின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் அழுத்தம் மிக வேண்டும் என்று அந்தப் பொறி உரைத்தது. தொலைவு பாதியானால் அழுத்தம் நான்கு மடங்கு. வயலின் வித்துவான்களின் விரல்கள் பன்னெடுங்காலமாக அறிந்திருந்த செய்திக்கு அன்றுதான் எண் கிடைத்தது.

மோதலிலும் அவர் கை வைத்தார். இரு குண்டுகள் மோதிப் பிரியும் வேகம், மோதும் முன் நெருங்கிய வேகத்தில் இன்ன பங்கு என்று நியூட்டன் அளந்திருந்தார்; கண்ணாடிக்குப் பதினாறில் பதினைந்து, கம்பளி உருண்டைக்கு ஒன்பதில் ஐந்து. அந்தப் பங்கு பொருளுக்குப் பொருள் வேறுபடுமேயன்றி, ஒரே பொருளுக்கு மாறாது என்பதே பாடமாக நிலைத்தது. மிகமிக மெல்ல மோதும் குண்டுகளை இராமன் ஒளிப்படமெடுத்து ஆராய்ந்தார். வேகம் குறையக் குறைய அந்தப் பங்கு முழுமையை, அதாவது ஒன்றை, நெருங்குவதை 1918இல் வெளியிட்டார். மென்மையாகத் தொட்டுக்கொண்டவை இழப்பின்றிப் பிரிகின்றன. கவிஞர்கள் இதில் வேறு பொருள் காணக்கூடும். இராமன் கண்டது மீள்சக்தியின் கணக்கை மட்டுமே.

அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் வாழ்வின் பெருமுடிவு நேர்ந்தது. அசுதோஷ் முகர்ஜி அழைக்க, 1917இல் அரசுப் பதவியைத் துறந்து, ஏறத்தாழப் பாதிச் சம்பளத்திற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பாலித் பேராசிரியர் ஆனார். அந்த இருக்கைக்கு வருபவர் வெளிநாட்டுப் பயிற்சி பெறவேண்டும் என்றொரு விதி இருந்தது. இராமன் இணங்கவில்லை, விதிதான் வளைந்தது.

மிருதங்க ஆய்வு தமிழர் அறியவேண்டுவது. வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் பிறக்கும் ஒலிகள் 1, 1.59, 2.14 என ஒவ்வாத விகிதங்களில் அமையும். மேனாட்டார் முரசை இரைச்சல் என்று ஒதுக்கியதற்கு இதுவே காரணம். நம் மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவே கரிய சாதம் இடுகிறார்கள். நடுவில் ஏறிய அந்த நிறை, தோலின் இயக்கத்தை மாற்றி, ஒலிகளை 1, 2, 3, 4, 5 என்னும் இசை விகிதத்திற்குக் கொண்டுவருகிறது. சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் இராமன் இதனை வெளியிட்டார். தோலின்மேல் மணல் தூவி அதன் கோலங்களைக் கண்டு, ஒன்பது வகை அதிர்வுகள் இந்த ஐந்து ஒலிகளுக்குள் அடங்குவதை 1934இல் விரிவாக எழுதினார். பண்டையோரின் செவிக்கூர்மையை அவர் வியந்தார். அந்தப் பண்டையோர் யார் என்ற கேள்வியை இயற்பியல் கேட்பதில்லை. தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்து, மெல்லிய அடுக்குகளாகச் சாதத்தைத் தேய்த்து ஏற்றிய கைகள், சபைக்குள் அழைக்கப்படாதவர்களின் கைகள். இராமன் அளந்தது அவர்கள் அறிவை என்பதை நாமாவது சொல்லிவைத்தல் வேண்டும்.

1921இல் முதன்முறையாகக் கடல் கடந்தார். இலண்டன் பேராலயத்தின் முணுமுணுக்கும் மாடத்தில் ஒலியை ஆராய்ந்தவர், திரும்பும் வழியில் கடலின் நீலத்தைக் கண்டு ஒளியின் பக்கம் திரும்பினார். 1928 பிப்ரவரி 28, நோபல் பரிசு, 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தின் இயக்குநர் பதவி, 1948இல் தம் பெயரிலான ஆய்வுக்கழகம், 1954இல் பாரத ரத்னா என்னும் வரலாறு யாவரும் அறிந்ததே.

அவ்வளவாகப் பேசப்படாதது ஒன்றுண்டு. படிகங்களுக்குள் அணுக்கள் அதிர்வதைப் பற்றி 1940களில் மாக்ஸ் பார்னோடு அவர் கடுமையாக முரண்பட்டார். பார்னைப் பெங்களூருக்கு வரவழைத்தவரே இராமன்தான். படிகத்தின் அதிர்வுகள் எண்ணத்தக்க சில தனித்தனி ஒலிகளைப் போன்றவை என்பது இராமனின் கட்சி. இடைவெளியற்ற தொடர்ச்சி என்பது பார்னின் கட்சி. பின்வந்த சோதனைகள் பார்ன் பக்கமே நின்றன. இராமன் இறுதிவரை இறங்கிவரவில்லை. நரம்பிலும் தோலிலும் தனித்தனிச் சுரங்களையே கேட்டுப் பழகிய செவி, படிகத்திலும் அதையே எதிர்பார்த்ததோ என்று ஐயுற இடமுண்டு. தற்பெருமை என்று மட்டும் அதனைத் தள்ளிவிடுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அவர் விருப்பப்படி ஆய்வுக்கழகத் தோட்டத்திலேயே எரியூட்டி, அவ்விடத்தில் ஒரு மரம் நட்டனர். அவருடைய ஆய்வுரைகள் 1988இல், பிறந்த நூற்றாண்டில், ஆறு தொகுதிகளாக வந்தன. ஒலியியலுக்குரிய இரண்டாம் தொகுதியில் வில்லையும் நரம்பையும் பற்றிய 1918ஆம் ஆண்டு நூல் இருக்கிறது. தலைப்பில் முதற்பகுதி என்ற குறிப்போடு. இரண்டாம் பகுதியை அவர் எழுதவில்லை.